அல்லைப்பிட்டிக் கம்பமும் ஐம்பத்து மூன்று மணியும்

சைக்கிள் பயிற்சியாளரின் தொழில் என்பது, வேகமாக ஓட ஆசைப்பட்டு வருகிறவர்களை மெதுவாக ஓடச் சொல்லி, அதற்காக அவர்களிடமே ஏச்சு வாங்குவது.

நம்பாவிட்டால் வருடத்தின் முதல் மூன்று மாதத்தில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள். அதை நாங்கள் அத்திவாரக் காலம் என்போம். போட்டிகள் எல்லாம் சித்திரைக்குப் பிறகுதான் வரும். அதற்கு முன் பன்னிரண்டு கிழமை நெடுந்தூரம், மெதுவாக, அலுக்க அலுக்க ஓட வேண்டும். இதயமும் சுவாசமும் அப்போதுதான் வளரும். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மூன்றாம் கிழமை, "நான் முன்னேறி இருக்கிறனோ?" என்று கேட்பார்கள். அங்கேதான் வில்லங்கம். அத்திவாரம் மண்ணுக்குள் கிடக்கிறது, அதை எப்படி அளந்து காட்டுவது? "பொறுங்கோ, பலன் பிறகு தெரியும்" என்று யாருக்காவது சொல்லி, அவர் பார்த்த பார்வையில் கூசிப்போனவர் நீங்கள் என்றால், வாருங்கள், நாங்கள் ஒரே சாதி.

நான் பகலில் பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியை. விடியலில் சைக்கிள்காரர்களுக்குக் கோச்சர். அவர்கள் உழக்க, நான் ஸ்கூட்டியில் பின்னால் போவேன். போன அத்திவாரக் காலத்தில் என்னிடம் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரையும் அளந்தேன். மூன்று பேரிலும் என் அளவை பிழையாய்ப் போனது. ஆனாலும் இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

முள் அசைய வேண்டும்

ஜெசிந்தா குருநகர்ப் பெண், வயது இருபத்து மூன்று. அப்பா கடலுக்குப் போகிறவர். இவள் இறங்குதுறையில் மீன் நிறுக்கிறவள். அதற்கு முந்திய வருடம் மாகாண அணித் தெரிவில் முதல் பத்துக் கிலோமீற்றரும் எல்லோருக்கும் முன்னால் பறந்தாள். பிறகு காலில் பலம் ஒன்றுமில்லாமல் போய், கடைசி ஆளாக வந்து சேர்ந்தாள். அதுவரை தினமும் வயிறு புரட்டிச் சத்தி வரும்வரை வேகமாக ஓடித்தான் பழகியிருந்தாள். அன்று வீட்டுக்குப் போய் மாதா படத்துக்கு முன்னால் நின்று, இன்னும் ஒரே ஒரு வருடம், தெரிவாகாவிட்டால் இனிப் போட்டிச் சைக்கிளில் ஏறமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். யாரும் கேட்டு வாங்கிய வாக்கில்லை. ஆனால் அந்த வீட்டில் மாதாவுக்குக் கொடுத்த வாக்கை இதுவரை ஒருவரும் மீறியதில்லை.

அப்படிப்பட்டவளிடம் போய், பன்னிரண்டு கிழமைக்கு வேகமே வேண்டாம் என்று சொன்னேன். நான் சொல்வது பிழையாய்ப் போனால் எனக்கு அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை வரும். அவளுக்கு அடுத்த வருடம் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இதயம், நாடி, சுவாசம் என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். அவள் சைக்கிளைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். கடைசியில் வாயைத் திறந்தாள்.

"சரி அக்கா, பன்னிரண்டு கிழமை தாறன். ஆனா நான் மீன் நிறுக்கிறவள். முள்ளு அசையிறதைக் கண்ணாலை காணாமல் நிறை எண்டு ஒத்துக்கொள்ளமாட்டன்."

காற்றுப் போன கஜன்

கஜன் வங்கியில் வேலை செய்கிறான், இருபத்தெட்டு வயது. சைக்கிள், தலைக்கவசம், கறுப்புக் கண்ணாடி, கிளிக்கென்று பூட்டுகிற சப்பாத்து எல்லாம் கனடாவில் இருக்கும் அவன் அண்ணன் அனுப்பியவை. அவனுக்கு முதல் நாள் நான் கொடுத்த அளவை மிகச் சுலபமானது. ஓடிக்கொண்டே முழு வசனம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் கூட. அத்திவாரக் காலத்தில் கதைத்துக்கொண்டு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு சண்டிலிப்பாயிலிருந்து சுன்னாகம் போகிற வழியில், சந்தைக்குப் போகிற ஒருவர் எங்களுக்குப் பின்னால் வந்தார். அறுபது வயது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, வாயில் சுருட்டு, பழைய சைக்கிளின் கரியரில் இரண்டு சாக்குக் கத்தரிக்காய். மணியை அடித்துவிட்டு, சுகமாகக் கஜனை முந்திக்கொண்டு போனார். கஜனின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் ஸ்கூட்டியிலிருந்தே கண்டேன். துரத்தப் போகிறான், போச்சுது என்று நினைத்தேன். அவன் துரத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதே வேகத்தில் ஓடினான். வேகமாக ஓடுகிறவனைப் பார்த்துப் பெருமைப்படுவது யாருக்கும் முடியும். எனக்கு அன்றைக்கு ஒருவன் மெதுவாக ஓடியதைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது. கத்தரிக்காய்க்காரரோ திரும்பிப் பார்த்து, இரக்கப்பட்டு, பிரேக்கைப் பிடித்து அவனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"என்ன தம்பி, காத்துப் போட்டுதோ? உங்கை சந்தியிலை கடை திறந்திருக்கு, பம்ப் வாங்கித் தரட்டோ?"

செல்வராசா அண்ணையின் நாடி

மூன்றாவது ஆள் செல்வராசா அண்ணை. சண்டிலிப்பாயில் வெங்காயத் தோட்டம். ஐம்பத்திரண்டு வயதில், ஐம்பதுக்கு மேற்பட்டோர் போட்டியில் ஓட வேண்டும் என்று வந்தவர். கதைத்துக்கொண்டு ஓடுகிற அளவை அவரிடம் எடுபடாது. அந்த மனிதர் சோளகக் காற்றுக்கு எதிரே மூச்சுத் திணறத் திணறவும் கதைப்பார். அதனால் அவருக்கு நாடியை வைத்தேன். காலையில் கண் விழித்ததும் எழும்பாமல் படுத்தபடி மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும், எண்ணியதைக் கொப்பியில் எழுத வேண்டும். அத்திவாரம் விழ விழ அந்த எண் குறைந்துகொண்டு வரும்.

குறைந்தது. அறுபத்திரண்டில் தொடங்கி ஒரு மாதத்தில் ஐம்பத்தேழு. கொப்பியை நான் காணுகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். பிறகு ஒருநாள் எழுபத்தாறு என்று இருந்தது. அடுத்த நாள் ஐம்பத்தேழு. இரண்டு நாள் விட்டு எழுபத்தெட்டு. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. காய்ச்சலோ, களைப்போ, நெஞ்சிலே ஏதாவதோ? ஒரு கிழமை சைக்கிளைத் தொடவேண்டாம் என்று மறித்து வைத்து, டொக்டரிடமும் அனுப்பினேன். டொக்டர் சோதித்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார். அண்ணை என்னோடு கோபம். ஆசுவாசப்படுத்துவோம் என்று வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி பிளேன்ரீ கொண்டு வந்து வைத்துவிட்டு, கொப்பியை வாங்கி, எண் ஏறின நாட்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடிய முதலே சுன்னாகம் சந்தையிலிருந்து வியாபாரி போன் எடுத்து வெங்காய விலை சொல்கிற நாட்களாம் அவை. மனிதர் படுத்தபடியே விலையைக் கேட்பார், போனை வைப்பார், பிறகு கடமை தவறாமல் மணிக்கட்டில் விரலை வைப்பார்.

"தங்கச்சி, உவற்றை நாடியைப் பாக்கிறதெண்டால் வெங்காய விலை வாறதுக்கு முதல் பாருங்கோ. பேந்து பாத்தால் அது உவற்றை நாடியில்லை, சந்தையின்ரை நாடி."

ரிக்கற் எடுக்காத பயணி

கஜனின் கையில் கட்டியிருந்த கடிகாரம் நாடி, வேகம், நித்திரை எல்லாம் சொல்லும். ஒவ்வொரு பயிற்சி முடிவிலும் மதிப்பெண்ணும் போடும். மெதுவாக ஓடின நாலு கிழமையும் அது அவனுக்குப் "பலனில்லாத பயிற்சி" என்றே காட்டிக்கொண்டிருந்தது. படிக்கிற காலத்தில் ஒரு சோதனையிலும் கோட்டை விடாத பிள்ளை. முகம் சுண்டிப்போய் வந்து நிற்பான். கடிகாரத்துக்கு அத்திவாரம் விளங்காது என்று நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஐந்தாம் கிழமை திடீரென்று எல்லாம் மாறியது. பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறை வீதியில் தனியே ஓடுகிற நாட்களில், நாடி ஏறாமலே அவனுடைய சராசரி வேகம் மணிக்கு ஆறு கிலோமீற்றர் கூடியிருந்தது. ஒரே கிழமையில் ஆறு! எந்தக் கோச்சருக்கும் தலைகால் தெரியாமல் போகும். நான் எங்கள் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். தெல்லிப்பழையில் இருக்கும் என் அம்மாவுக்கும் போன் எடுத்துச் சொன்னேன். அவருக்குச் சைக்கிளில் பெடல் எங்கே இருக்கிறதென்றே தெரியாது, ஆனாலும் சந்தோசப்பட்டார். அந்தச் சனி காலை பண்ணைப் பாலத்தடியில் நான் ஸ்கூட்டியோடு நிற்கையில் ஊர்காவற்றுறை பஸ் ஒன்று பக்கத்தில் நின்றது. நடத்துநர் தலையை வெளியே நீட்டினார். பெரிய வாகனத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓடினால் காற்று மறைபடும், அரைவாசிப் பலத்தில் பறக்கலாம் என்பது சைக்கிள்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரிந்த விஷயம்தான், பெருமையில் மறந்திருந்தேன்.

"அக்கா, உந்தக் கறுப்புக் கண்ணாடித் தம்பியின்ரை கோச்சர் நீங்கள்தானே? ஒரு கிழமையா எங்களுக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு வாறார். ஒண்டில் ஏறி ரிக்கற் எடுக்கச் சொல்லுங்கோ, இல்லாட்டிப் பஸ்ஸைத் தள்ளச் சொல்லுங்கோ."

ஐம்பத்து மூன்று மணி

ஜெசிந்தாவுக்கு எந்த அளவையும் சரிவரவில்லை. கஜனின் கடிகாரத்தை முதல் நாளே பார்த்துவிட்டு, அதை நம்ப மறுத்தாள். கதைத்துக்கொண்டு ஓடு என்றால் அதுவும் ஆகாது. இறங்குதுறையில் நாலு வீதிக்குக் கேட்கக் கத்துகிறவள், சைக்கிளில் ஏறினால் வாயைப் பூட்டிவிடுவாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். "கதைக்க எனக்கு ஒண்டும் வருகுதில்லை அக்கா. செபமாலை சொல்லட்டோ?"

நல்ல யோசனை என்று உடனே பிடித்துக்கொண்டேன். செபமாலைக்கு ஐம்பத்து மூன்று மணி, மணிக்கு ஒரு "அருள் நிறைந்த மரியே" என்ற மாதா செபம். கணக்குப் பிடிக்க அவளின் விரலில் பத்துப் புள்ளி வைத்த மோதிரம் இருந்தது. சத்தமாக, ஒரு சொல்லும் விழுங்காமல், மூச்சுத் திணறாமல் சொல்லக்கூடிய வேகத்தில்தான் ஓட வேண்டும். பண்ணைப் பாலத் தொடக்கத்தில் முதல் மணி. ஐம்பத்து மூன்றாவது மணி முடிகிற இடத்தில் நிற்கிற மின்கம்பத்தில் நான் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவேன். அத்திவாரம் பலக்கப் பலக்க அதே செபமாலையில் இன்னும் தூரம் போவாள், கோடு முன்னுக்கு நகரும். ஒவ்வொரு சனியும், காற்றெழும்ப முதல். வீதியில் துணைக்கு அவளுக்குப் பக்கத்தில் செல்வராசா அண்ணை ஓடுவார், பின்னால் நான்.

முதல் சனி அல்லைப்பிட்டி தாண்டி ஒரு கம்பத்தில் முடிந்தது. மூன்றாம் சனி அதற்கு நாலு கம்பம் அப்பால். ஐந்தாம் சனி எட்டுக் கம்பம். ஏழாம் சனி பன்னிரண்டு. முள் அசைந்தது! அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இறங்குதுறையில் மீன் வாங்க வருகிறவர்கள் விலை கேட்க முதல், "இண்டைக்கு எத்தினை கம்பம்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். நானும் சும்மா இல்லை, பாடசாலையில் ஆசிரியர் அறையில் சுண்ணாம்புக் கட்டியால் கம்பம் கம்பமாகக் கீறி எல்லோரையும் அறுத்தேன். ஒருநாள் அவளின் வீட்டுப் படலையில் அவளின் அப்பாவைக் கண்டேன். வலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழும்பி வந்தார்.

"ரீச்சர், உவள் பிறந்து இருபத்து மூண்டு வருசத்திலை இப்பதான் செபமாலையை நித்திரை கொள்ளாமல் முழுசாச் சொல்லி முடிக்கிறாள். இனி உவள் தோத்தாலும் எனக்கு லாபம்தான்."

பின்னுக்கு வந்த கோடு

எட்டாம் சனி கோடு எட்டாம் கம்பத்துக்குத் திரும்பி வந்தது. ஒருநாள் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஒன்பதாம் சனி நாலாம் கம்பம். அவள் சைக்கிளை விட்டு இறங்கி, தான் ஏழாம் சனி முடித்த கம்பத்தைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு நின்றாள். ரயரில் காற்றுப் பார்த்தேன். பிரேக் கட்டை உரசுகிறதா என்று சில்லைச் சுற்றிப் பார்த்தேன். நித்திரை கொண்டாயா என்று கேட்டேன். எதிர்க்காற்று ஒரு சொட்டும் இல்லை, கடல் கண்ணாடி போலக் கிடந்தது.

பிறகு என் புத்திக்கு ஒன்று எட்டியது. அது தவக்காலம், உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நோன்பு நாட்கள். வெள்ளிக்கிழமைகளில் அவள் ஒருசந்தி இருப்பாள், ஒருநேரச் சாப்பாடுதான். அடுத்த நாள்தானே எங்கள் அளவை. பிடித்துக்கொண்டேன். "சாப்பிடாமல் ஓடினால் இப்பிடித்தான். போட்டி முடியுமட்டும் ஒருசந்தியை விடு" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தவக்காலம் தொடங்கியது ஆறாம் கிழமை என்றாள். ஏழாம் சனியும் ஒருசந்தி இருந்துவிட்டுத்தான் பன்னிரண்டாம் கம்பம்வரை போனாளாம். திங்கட்கிழமை தொடக்கம் பழையபடி வேகமாக ஓடப் போகிறேன், இருக்கிற கிழமைகளையாவது காப்பாற்ற வேண்டும் என்றாள். அழுதாலும் பரவாயில்லை, அவள் அழவில்லை.

"எட்டுக் கிழமை அக்கா, உந்தத் தராசு நல்ல தராசு எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள். இப்ப அது உங்களுக்குப் பிடிக்காததைக் காட்டினவுடனை, என்ரை மாதாவிலை குற்றம் சொல்லுறியள்."

வாய் வைக்க இடமில்லை

அவள் போன பிறகு நான் நாலாம் கம்பத்தடியில் ஸ்கூட்டியைச் சாய்த்துவிட்டு இருந்தேன். பன்னிரண்டு கிழமை தா என்று வாங்கி, அதில் ஒன்பதைத் தின்றாயிற்று. திருப்பிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வேளை பார்த்துச் செல்வராசா அண்ணை பக்கத்தில் வந்து குந்தினார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவருக்கு அவருடைய பிரச்சினை. அடுத்த சனி தான் வரமாட்டாராம், கஜனைத் துணைக்கு விடச் சொன்னார். ஏன் அண்ணை என்று கேட்டேன்.

அவருடைய பதிலைக் கேட்டு நான் எழும்பி நின்றுவிட்டேன். ஸ்கூட்டிச் சத்தத்திலும் தலைக்கவசத்துக்குள்ளும் இருந்த எனக்கு ஒன்பது கிழமையும் அந்தப் பிள்ளையின் வாய் அசைவது தெரியுமே தவிர, ஒரு மணிகூடக் காதில் விழுந்ததில்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ என்று கெஞ்சினேன். மனிதர், தன் பேச்சை ஒருவர் திரும்பக் கேட்கிறாரே என்ற சந்தோசப் புளுகத்தில், ஆறுதலாக, விரித்துச் சொன்னார்.

"உந்தப் பிள்ளையோடை ஓடுறது இப்ப சரியான அலுப்பு, தங்கச்சி. முந்தி ஒரு மணி சொல்லி மூச்சு எடுப்பாள், அந்த இடைவெளிக்கை நான் ஒரு கதை சொல்லிப்போடுவன். இப்ப ரண்டு கிழமையா மூச்சே எடுக்கிறாளில்லை, மணிக்கு மேலை மணி. எனக்கு வாய் வைக்க இடமில்லை."

படிக்கல்

திங்கட்கிழமை விடியலில் ஜெசிந்தா வேகமாக ஓடுகிற உடுப்போடு, வேகமாக ஓடுகிற முகத்தோடு பண்ணைக்கு வந்தாள். உன் விருப்பம்போல ஓடு, அதற்கு முதல் எனக்காக ஒரே ஒரு செபமாலை என்று கேட்டேன். ஒருசந்தியைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். முதல் சனி நான் கொப்பியின் மூலையில் ஒரு நேரம் குறித்து வைத்திருந்தேன்: அல்லைப்பிட்டி முதல் கம்பத்துக்குப் பத்தொன்பது நிமிடம், பக்கத்தில் அன்றைய அவளின் நாடி. பிறகு கம்பம் எண்ணுகிற புளுகத்தில் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இந்த முறை போனில் நேரத்தை ஓடவிட்டேன்.

முதல் கம்பத்தின் பழைய சுண்ணாம்புக் கோட்டை அவள் தாண்டும்போது பதினாறே முக்கால் நிமிடம். அதற்கு நாலு கம்பம் தள்ளிச் செபமாலை முடிந்தது, முந்திய சனி போலவே. கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தோம், முதல் கிழமை எண்ணை விட ஒன்றிரண்டு குறைவு. போனை அவளின் கையில் கொடுத்தேன். அதே நாடியில் அதே இடத்துக்கு இரண்டே கால் நிமிடம் முந்தி வந்திருக்கிறாள். மணிக்கு மணி நின்று மூச்செடுக்கத் தேவையில்லாத அளவுக்குச் சுவாசம் வளர்ந்துவிட்டது. அதனால் செபமாலையே சுருங்கிவிட்டது. சைக்கிள் ஓடின வேகத்தை விட வாய் வேகமாக ஓடியிருக்கிறது. நாங்கள் தோல்வி என்று நினைத்த இரண்டு சனியும் அவளுடைய மிகச் சிறந்த சனிகள். இதை விளங்கப்படுத்தும்போது எனக்குத்தான் மூச்சு வாங்கியது, முழு வசனம் வரவில்லை. அவள் போனையும் கம்பத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கவே முகம் விரிந்தது. அன்று வேகமாக ஓடவும் இல்லை.

"அப்ப மீன் குறையேல்லை அக்கா, தராசுப் படிக்கல்லுத்தான் தேஞ்சு போச்சு."

தெரிவு நாள்

மிச்ச மூன்று கிழமையும் மெதுவாகவே ஓடி முடித்தாள். இந்தமுறை தூரத்துக்குக் கம்பம், நேரத்துக்குப் போன், காதுக்குச் செல்வராசா அண்ணை. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகுதான் வேகப் பயிற்சி தொடங்கினோம். தெரிவுப் போட்டி கிளிநொச்சிப் பக்கம், நேரான வெயில் வீதியில் அறுபது கிலோமீற்றர். நாலு பேரை எடுப்பார்கள். அவளின் அப்பா கோயிலுக்குப் போடுகிற வெள்ளைச் சேட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றார். பத்தாவது கிலோமீற்றரில், போன முறை முதலாவதாகப் பறந்த அதே இடத்தில், அவள் பின்னுக்கிருந்து மூன்றாவதாகப் போனாள். அவர் என்னைப் பார்த்தார். பொறுங்கோ, பலன் பிறகு தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கஜன் தன் கடிகாரத்தைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டான்.

முப்பதாவதில் நடுவில் வந்தாள். நாற்பத்தைந்தாவதில் ஒவ்வொருவராகக் கழன்று விழ, முன்னால் ஐந்து பேர் மட்டும், அதில் அவள். கடைசி நேர்வீதியில் தெரிந்தபோது உதடு அசைந்துகொண்டிருந்தது. மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினாள். நான் அழுதேன், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அவளின் அப்பா எனக்குக் கண் துடைக்க லேஞ்சி தந்துவிட்டு, பிறகு தனக்கு வேண்டுமென்று திருப்பி வாங்கிக்கொண்டார். செல்வராசா அண்ணை எதிரே வந்த எல்லோருக்கும், கண்டுபிடித்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அது முழு உண்மை. நாலாவதாக வந்து அணிக்குள் நுழைந்த வவுனியாப் பிள்ளை ஒன்று நிலத்தில் மல்லாந்து கிடந்தது. தண்ணீர் கொடுக்கப் போனேன். குடித்து, மூச்சு வாங்கி, ஜெசிந்தாவைக் கையால் காட்டியது.

"அக்கா, கடைசி இருபது கிலோமீற்றரும் நான் அவவின்ரை பின்சில்லைத்தான் பிடிச்சுக்கொண்டு வந்தனான். எனக்கு உயிர் போகுது, அவ என்னெண்டால் முழு வசனமாச் செபம் சொல்லிக்கொண்டு போறா. அதைக் கேட்டே மற்றவை மனம் விட்டிட்டினம்."

நாடி, கடிகாரம், கம்பம், கொப்பி என்று எல்லாவற்றையும் பிடித்து அளந்து களைத்த என் சக துன்பக்காரர்களே, ஓர் ஆள் முன்னேறிவிட்டாரா என்று நிச்சயமாக அறிய, பக்கத்தில் வாய் ஓயாத ஒரு வெங்காயக்காரரை ஓடவிட்டு, அவர் எப்போது அலுத்துப்போகிறார் என்று பார்த்தால் போதும்.